குட்டைக்கால் துரை

ராசாங்கம் அண்ணன் வரப்பில் நின்று போட்ட சத்தம் வேப்பந்தட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

"இன்னொரு தடவ ஒன் ஆடு என் மக்காச்சோளத்துல வாய வெச்சுதுன்னா, இந்தப் பாதையில நீ காலு வெக்கக் கூடாது சுமதி. சொல்லிட்டேன்."

பாதை அவருடைய பட்டா நிலத்தில் போகிறது. அதை விட்டால் மலையடிவாரத்து மேய்ச்சலுக்கு எனக்கு வேறு வழி கிடையாது. பாதை போனால் ஆடுகளை விற்க வேண்டியதுதான். விற்றால் மறுபடியும் அடுத்தவர் காட்டில் களையெடுக்கப் போகணும். அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை. என் ஆடுகள் ஒன்றும் யோக்கியம் இல்லை. ஒன்றை விரட்டிக்கொண்டு ஓடினால் அந்தப் பக்கம் நாலு உள்ளே புகுந்துவிடும்.

ஒரு நாய் வேண்டும் என்று முடிவெடுத்தேன். என் வீட்டுக்காரர் நடராசன், வளர்த்தால் ராஜபாளையம்தான் வளர்க்கணும், அதுதான் கௌரவம் என்றார்.

"கௌரவத்தையா மேய்க்கப் போறேன்?" என்றேன்.

பெரம்பலூரில் அனுசுயா டீச்சர் வீட்டில் ஒரு நாயைச் சும்மாவே தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ரெண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். கார்கி வகையாம். நரி மூஞ்சி, பெரிய காது, உடம்பு முழுநீளம், கால் மட்டும் ஒரு சாண்.

"வெளிநாட்டுல மாடு ஓட்டுற ஜாதிங்க. ஆனா வூட்டுல வெச்சுக்க முடியல. நடக்குறவங்க குதிகாலக் கவ்வுது. எங்க மாமியார் ஹால்லயே செருப்புப் போட்டுக்கிட்டு நடக்குறாங்க," என்றார் டீச்சர்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுக் கோழிகள் காம்பவுண்டுக்குள் வந்தன. அந்த நாய் ஓடிப்போய், இப்படியும் அப்படியும் வளைந்து, அத்தனையையும் ஒரு மூலையில் சேர்த்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டது. ஒரு கோழிக்கும் ஒரு கீறல் இல்லை. வீட்டுக்காரர், வேண்டாம் என்று என் முழங்கையைக் கிள்ளினார். நான் கண்டுகொள்ளவில்லை. என் நாய் இதுதான்.

துரை என்று பெயர் வைத்தேன். ஊர் குட்டையன் என்றது. டீக்கடையில், "கால் எப்ப வளரும் சுமதி?" என்று கேட்காத ஆள் இல்லை. கேட்டுக்கொண்டே ஆளுக்கொரு பன்னையும் போடுவார்கள். பன்னுக்காக அத்தனை பேரோடும் சண்டை பிடித்தேன். உடம்பு போட்டால் அந்தக் கால் தாங்காது, முதுகெலும்பு போய்விடும் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். கட்டிலிலிருந்து குதிக்க விட மாட்டேன். வெயில் ஏறினால் வீட்டுக்குள் ஈரச் சாக்கில் படுக்கை. முடியைக் கத்தரிக்காமல் தினமும் சீவி, உண்ணி பொறுக்குவேன். "எனக்கு இப்படித் தல சீவி விட்டிருக்கியா?" என்று வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டே விட்டார்.

ஆடுகள் முதலில் துரையை மதிக்கவில்லை. கிடா உதைத்தது. துரை தரையோடு படுத்தான், உதை தலைக்கு மேலே போயிற்று. எழுந்து மெல்லக் குதிகாலைக் கவ்வினான். சில வாரத்தில், "சுத்து" என்றால் சுற்றி வருவான், "நில்லு" என்றால் நிற்பான். ஆடுகளும் பாதையை விட்டு இறங்குவதை மறந்தன.

அன்றைக்குச் சாயங்காலம் நாங்கள் மலையிலிருந்து திரும்பும்போது மக்காச்சோளக் காட்டுக்குள்ளிருந்து ராசாங்கம் அண்ணனின் கூச்சல். என் ஆடுகளைப் பார்த்தேன். எல்லாம் பாதையிலேயே நின்றன. உள்ளே மேய்ந்தது அவருடைய ஆடுகள். பட்டியின் படல் கதவைத் தள்ளிவிட்டு, கதிர் பிடித்து ஆளுயரம் நின்ற சோளத்துக்குள் புகுந்துவிட்டன. அவர் இந்தப் பக்கம் ஓடினால் அவை அந்தப் பக்கம். ஆடு மிதித்தது பாதி, அவர் மிதித்தது பாதி.

பொய் சொல்ல மாட்டேன், கொஞ்ச நேரம் நின்று ரசித்தேன். அப்புறம் சோளத்தைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

"வெளிய வாங்கண்ணே. வந்து சும்மா நில்லுங்க," என்றேன். "துரை, சுத்து."

துரை சோளத்துக்குள் போனான். பெரிய நாயாக இருந்தால் தட்டையெல்லாம் முறிந்திருக்கும். இவன் உழவுச்சாலோடு, இலைக்கு அடியிலேயே ஓடினான். ஒரு தோகைகூட அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் முதல் ஆடு வரப்பேறியது. அதன் பின்னால் ஒன்று, அப்புறம் ஒன்று. கடைசி ஆட்டின் குதிகாலுக்குப் பின்னால், காதை நிமிர்த்திக்கொண்டு துரை வந்தான். எனக்கு அவ்வளவு பெருமை.

ராசாங்கம் அண்ணன் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார். தன் ஆடுகளைப் பார்த்தார், என் ஆடுகளைப் பார்த்தார், அப்புறம் குனிந்து துரையைப் பார்த்தார்.

"ஏம்மா, நாளையிலேர்ந்து மலைக்குப் போறப்ப என் ஆட்டையும் சேத்து ஓட்டிக்கிட்டுப் போறியா?"

இந்தப் பாதையில் கால் வைக்கக் கூடாது என்ற அதே வாய்.

"தொரையக் கேட்டுச் சொல்றேண்ணே," என்று சொல்லிவிட்டு, அவர் பாதையின் நட்டநடுவில் என் ஆடுகளை ஓட்டிக்கொண்டு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் அழுவது அவருக்குத் தெரிந்துபோயிருக்கும்.