விட்டுப் படித்த மூன்று வரி

கண்ணாடி டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர் பிடித்து மோட்டார் அறை ஜன்னலில் வைத்திருந்தாள். வாடிப்போன தக்காளிச் செடியின் தண்டை விரல் நீளத்துக்கு வெட்டி, வெட்டுவாய் மட்டும் தண்ணீரைத் தொடும்படி பிடித்துக்கொண்டு நின்றாள். ஆட்டக்கூடாது என்று போனில் படித்த விவசாயக் குறிப்பில் எழுதியிருந்தது. முழங்கையை ஜன்னல் விளிம்பில் ஊன்றிக்கொண்டாள்.

“வருதா?” என்றார் கணவர்.

“சும்மா இருங்க. அஞ்சு நிமிஷம் ஆகும்னு போட்டிருக்கார்ல.”

அவர் சும்மா இருக்கவில்லை. இடுப்பில் கை வைத்தார், எடுத்தார், வெளியே போய் வரிசைகளைப் பார்த்துவிட்டு வந்தார். அவருக்கு வரிசை தெரியும், செடி தெரியும், செடிக்குப் பக்கத்தில் ஆள் நின்றால் தெரியும். டம்ளருக்குள் இழை இறங்குவதும் போன் எழுத்தும் தெரியாது. இருபத்திரண்டு வருஷம் வெல்டிங் பட்டறையில் நெருப்பைப் பார்த்த கண்.

இறங்கியது. தண்டின் வாயிலிருந்து பால் கசிவதுபோல வெள்ளையாக ஒரு நூல், அவசரமே இல்லாமல், தண்ணீருக்குள் தொங்கியது.

“வருதுங்க,” என்றாள்.

நூல் இறங்கினால் வாடல் நோய். மருந்து கிடையாது, பிடுங்கி எரிப்பதுதான் வழி என்று தொப்பிக்காரர் பட்டென்று எழுதியிருந்தார். ஆயிரத்து இருநூறு செடியில் மேற்குப் பக்கத்துப் பாதி நான்கே நாளில் தலை தொங்கிவிட்டது. கிழக்குப் பாதி இன்னும் பச்சையாக, காயும் பூவுமாக, ஒன்றும் தெரியாததுபோல நின்றது.

தொப்பிக்காரரை அவர்கள் பார்த்ததில்லை. விவசாய ப்ளாக் எழுதுகிறவர். படத்தில் தொப்பி போட்டிருப்பார், அவ்வளவுதான் பழக்கம். ஆனாலும் வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவர் பேச்சு அடிபடும். “தொப்பிக்காரர் என்ன சொல்றாரு?” என்று கேட்காமல் கணவர் மண்வெட்டியைத் தொடமாட்டார். சில சமயம் அவளுக்கே எரிச்சல் வரும். கட்டிய பெண்டாட்டி சொல்லி ஒரு குழாய் மாற்றாத மனிதர், முகம் தெரியாத ஆள் சொன்னதற்காக ஒரு வாரம் சாணம் கரைத்தார்.

அந்த எரிச்சல்கூட அவளுக்குச் சந்தோஷம்தான். அதற்கு முந்தைய வருஷம் அதுகூட இல்லை. கண் மங்கிவிட்டது, இனி வரவேண்டாம் என்று பட்டறையில் சொன்ன நாளிலிருந்து அவர் சுவரைப் பார்த்துப் படுத்தார். சாப்பிடக் கூப்பிட்டால் எழுவார், தின்பார், மறுபடி சுவர். திட்டிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். கல்லோடு பேசலாம். ஒரு நாள் தொட்டிச் செடியில் பூச்சி விழுந்ததற்கு மருந்து தேடப்போய் போனில் அந்த ப்ளாக் வந்தது. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், முதுகு போனபின் மண்ணுக்கு வந்த கதை. “முதல் வருஷம் எல்லாம் செத்தது. வரப்பில் உட்கார்ந்து அழுதேன். எழுந்துபோய் மறுபடி விதைத்தேன்” என்று இருந்ததைச் சத்தமாகப் படித்தாள். சுவரிலிருந்து முகம் திரும்பியது. “அதை இன்னொரு தடவை படி,” என்றார். மூன்று தடவை படித்தாள்.

அவளுடைய அண்ணன் தன் காலி நிலத்தை ஒரு பருவத்துக்குக் கொடுத்தார். “மாப்பிள்ளைக்குப் பொழுது போகட்டும். வெளைஞ்சா பாப்போம், இல்லன்னா நான் குடோன் கட்டிக்கிறேன்,” என்றார். அவள் கண், அவர் கை. அவள் படிப்பாள், அவர் செய்வார். உடைந்த ரம்பத் தகட்டைத் தேய்த்து அவரே ஒரு சின்னக் கத்தி செய்தார். தினம் காலையில் செடி செடியாகத் தடவி, பக்கக் கிளைகளை அறுத்துவிடுவார். பார்க்கவே வேண்டாம், விரலே சொல்லிவிடும்.

நூல் இறங்கிய டம்ளரை வெளியே ஊற்றிவிட்டு, ப்ளாக்கின் கீழே கேள்வி எழுதினாள். கணவர் சொல்லச் சொல்ல எழுதினாள்: எத்தனை செடி, எந்தப் பக்கம், எத்தனை நாள். பிறகு இருவரும் மேற்குப் பக்கத்தில் பிடுங்க ஆரம்பித்தார்கள். காயோடு பிடுங்கினார்கள். அவர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிடுங்கினார். அந்த முதுகு அவளுக்குத் தெரிந்த முதுகு. வீட்டில் கட்டில் இன்னும் அதே சுவரோரம்தான் கிடக்கிறது.

வெயில் ஏறியபோது தண்ணீர் குடிக்க மோட்டார் அறைக்குள் வந்தாள். பதில் வந்திருந்தது.

“பக்கக் கிளை அறுக்கும்போது ஒவ்வொரு செடிக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் முக்கித் துடைத்தீர்களா? கிளை அறுப்பது பற்றிய பதிவில், மூன்றாவது பத்தியில் சொல்லியிருக்கிறேனே. இல்லையென்றால் கத்திதான் கொண்டுபோயிருக்கும்.”

மூன்றாவது பத்தி. அவளுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. அவருக்கு அதைப் படித்துக் காட்டிய அன்றைக்கு அடுப்பில் சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன். ஆயிரத்து இருநூறு செடிக்கும் ஆயிரத்து இருநூறு தடவை முக்கவேண்டுமாம், இந்த மனுஷனுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்தாள். மூன்று வரிதான். தாவி அடுத்த பத்திக்குப் போனாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“தொப்பிக்காரர் ஏதாவது சொன்னாரா?” வெளியிலிருந்து குரல் வந்தது.

“இன்னும் இல்லைங்க.”

சொன்னபிறகுதான் தான் சொன்னதே அவளுக்குக் கேட்டது. அடிப்பாவி என்று தன்னையே வைதுகொண்டாள். சாயங்காலம் சொல்லலாம், சாப்பிட்ட பிறகு சொல்லலாம், நாளைக்கு. சொல்லாமலே விட்டால்தான் என்ன? நோய் வந்தது, போயிற்று. ஊரில் யாருக்கும் வராததா?

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர் மேற்குப் பக்கத்து வேலையை நிறுத்திவிட்டு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தார். கிழக்கே. இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். மிச்சம் இருப்பதையாவது நன்றாக வைத்துக்கொள்ளவேண்டும் என்று நினைத்திருப்பார், பாவம். முதல் செடியைக் குனிந்து தடவினார்.

“ஏங்க! தொடாதீங்க!”

செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். வரப்பில் கால் மடங்கி விழுந்து எழுந்து ஓடினாள். அவர் கத்தியும் கையுமாக, குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி நின்றார்.

“அந்தக் கத்திதாங்க. கத்தியாலதான் பரவியிருக்கு. ஒவ்வொரு செடிக்கும் ஸ்பிரிட்ல முக்கணும்னு எழுதியிருந்தாரு. நான் படிக்கல.” மூச்சு வாங்கியது. “படிக்கத் தெரியாம இல்ல. சோம்பேறித்தனம். விட்டுட்டேன். பதில் அப்பவே வந்துடுச்சு, அதையும் பொய் சொன்னேன்.”

அவர் கத்தியைப் பார்த்தார். எவ்வளவு தெரிந்ததோ. கட்டைவிரலால் அதன் வாயைத் தடவினார்.

“நாலு மாசமா நானா ஒவ்வொண்ணா கொன்னுக்கிட்டு வந்தேன்?” என்றார்.

“நீங்க இல்ல. நான்.”

“கை என்னுதுதானே.”

அடிப்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. திட்டவாவது திட்டுவார் என்று நினைத்தாள். திட்டினால் தேவலாம் என்று இருந்தது. அவர் வரப்பில் உட்கார்ந்தார். சுவர் இல்லாத இடத்திலும் அவருக்குச் சுவர் தெரிகிறதோ என்று அவளுக்குத் திகிலாக இருந்தது.

“படி,” என்றார் திடீரென்று.

“எதை?”

“முதல்லேர்ந்து. ஒண்ணும் விடாம.”

படித்தாள். தேதியைப் படித்தாள், எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைப் படித்தாள், நடுவில் வந்த சோப்பு விளம்பரத்தைக்கூடப் படித்தாள். மூன்றாவது பத்தி வந்தது. நிறுத்தாமல் படித்தாள். அவர் தலையாட்டவில்லை.

முடிந்ததும் எழுந்தார். கிழக்கு வரிசையின் முதல் செடியை, பச்சையாக நின்றதை, வேரோடு பிடுங்கினார். தண்டை உடைத்து அவளிடம் நீட்டினார்.

“டம்ளர் கொண்டா.”

அவளே போய்க் கழுவி, தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்தாள். வரப்பில் முட்டி போட்டு, தண்டின் வாயைத் தண்ணீரில் வைத்தாள். அவர் எதிரே குந்தினார். அவர் முகம் டம்ளருக்கு அந்தப் பக்கம், அவள் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டு.

“வருதா?”

தண்ணீர் அசையாமல் நின்றது. அவள் இமைக்கவில்லை.

“இன்னும் இல்ல.”

“பாத்துக்கிட்டே இரு,” என்றார். “எது வந்தாலும் சொல்லு.”