எதிர்வீட்டுக் கொடியில் ஒரே ஓர் உடை

1

ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எதிர்வீட்டு பால்கனியிலிருந்து திருடியது. வருஷா வருஷம் ஸ்கூபா டைவிங் விடுமுறை முடிந்து வந்ததும் அந்தக் கொடியில் இரண்டு கறுப்பு ரப்பர் உடைகள், தலையில்லாத தம்பதி மாதிரி, தொங்கும். இந்த வருஷம் ஒன்றுதான் தொங்கியது.

முதல் வரி உடனே வந்துவிட்டது: ‘அவர்கள் பிரிந்துவிட்டார்கள்.’ சுவையான ஆரம்பம். அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அந்த வீட்டு மனுஷர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், பனியனோடு அதே பால்கனிக்கு வந்து கொட்டாவி விட்டார்.

2

இரண்டாவது ஆரம்பம்: அவர் மனைவி வேறொருவரோடு கடலுக்குள்

(வேண்டாம். இரண்டு வீட்டுக்கும் ஒரே லிஃப்ட், ஆமை வேகம். எட்டு மாடி இறங்குவதற்குள் அவளே என்னிடம் சொல்லிவிட்டாள். உண்மை தெரிந்த பிறகு வம்பு பேச நாக்குக் கூசுகிறது. கொஞ்சம்தான்.)

அவருக்குக் காதுச் சவ்வில் ஓட்டை. இனி தண்ணீருக்கடியில் போகவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். பதினொரு வருஷமாக இருவரும் ஜோடியாகத்தான் இறங்கியிருக்கிறார்கள். பதினொரு வருஷமும் அவர் ஒரே ஒரு கடல்குதிரையைத் தேடித் தேடி, பார்க்காமலே ஏறியிருக்கிறார்.

“நீங்க இல்லாம நான் எதுக்குங்க எறங்கணும்?”

“காதுதானே போச்சு? நானே போயிட்ட மாதிரி பேசுற. நீ எறங்கு. நான் படகுல உக்காந்து வேடிக்கை பாக்கறேன்.”

3

வெயில் ஏறாத காலை; வெதுவெதுப்பான, சத்தமில்லாத கடல். படகில் அவர் அவளுடைய சிலிண்டரைத் திறந்து சோதித்தார், வார்களை இழுத்துப் பார்த்தார், முகக்கண்ணாடியைத் துடைத்துத் தந்தார். அவள் பார்வைக்கேற்ற லென்ஸை அதில் பொருத்தியதும் அவர்தான். பயிற்சியாளரோடு அவள் இறங்கினாள்.

“ரெண்டு எடத்துல குமிழி வருதே, இதுல எது சார் அம்மா?” என்றார் படகுக்காரர்.

“படபடன்னு வருது பாருங்க, அதுதான். என்கூட சண்டை போடறப்பவும் இப்படித்தான் மூச்சு வாங்கும்.”

(இதைப் பேசியபோது நானும் இல்லை, அவளும் இல்லை. படகுக்காரர் அவளிடம் சொல்லி, அவள் என்னிடம் சொல்லி, நான் கொஞ்சம் உப்புப் போட்டு உங்களிடம்.)

கீழே, கடற்புல்லுக்கு நடுவே, வாலால் ஓர் இலையைப் பற்றிக்கொண்டு, சுண்டுவிரல் நீளத்தில் அது நின்றது. அவர் தோளைத் தட்டச் சட்டென்று கையை நீட்டினாள். பட்டது பயிற்சியாளரின் தோள்.

இங்கே ‘அவள் கண்ணீர் கடலோடு கலந்து’ என்று எழுதினேன். சீ. முகக்கண்ணாடிக்குள் இருக்கும் கண்ணீர் எங்கே போய்க் கலக்கும்? உள்ளேயே தேங்கும். தேங்கியது.

4

மேலே வரும்போதே முடிவு செய்துவிட்டாள்: சொல்லக் கூடாது. நீங்கள் வராத அன்றைக்குப் பார்த்து அது வந்தது என்று அந்த மனுஷரிடம் எந்த வாயால் சொல்வது?

“என்ன பாத்த?”

“ஒண்ணுமில்லீங்க. ஒரே கலங்கல்.”

அவள் தோளில் துண்டைப் போர்த்தினார். “கலங்கலைப் பாக்கவா உன் குமிழி பத்து நிமிஷம் ஒரே எடத்துல நின்னுச்சு?”

லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்துவிட்டது. “அப்புறம்?” என்றேன். “பால் வாங்கணும்க்கா” என்று போயே போய்விட்டாள். ஒரு மனுஷியை இப்படியா அந்தரத்தில் விடுவது!

5

முடிவு ஒன்று: அவள் சொன்னாள், அவர் சிரித்தார். (ரொம்பத் தித்திப்பு.)

முடிவு இரண்டு: அவள் சொல்லவில்லை, அவரும் மறுபடி கேட்கவில்லை. (எனக்குத் தாங்காது.)

முடிவு மூன்று: அவர்

எழுதும்போதே எதிரில் அசைவு. அவர் அந்த ஒற்றை உடையை மறுபக்கம் திருப்பிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவள் ஏதோ சொல்லியபடி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இத்துனூண்டு இடைவெளி காட்டினாள். அவர் குனிந்து, ஒன்றுமே இல்லாத அந்த இடைவெளியை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

கடல்குதிரையின் அளவா, உடையில் விழுந்த கிழிசலின் அளவா? ஜன்னலைத் திறந்தால் காதில் விழும். நான் போய்த் திரையை இழுத்து மூடினேன், ஆச்சரியம், எனக்கே. தெரிந்தே ஆகவேண்டும் என்றால், திரையை விலக்குவது இனி உங்கள் பாடு.