வயது வந்தோர் பீரோ

கோபம் வந்தால் எனக்கு மூக்கு சிவக்கும் என்று வீட்டுக்காரர் கிண்டலடிப்பார். அந்த வாரம் முழுக்க அது சிவந்தேதான் கிடந்தது.

யாரோ ஒருவர், தன் மகன் எங்கள் நூலகத்தில் ஆபாசப் புத்தகம் படித்ததாகப் புகார் சொன்னாராம். உடனே நூலகக் குழுத் தலைவர் வந்து அலமாரி அலமாரியாகக் கிளறினார். ஒன்றையும் பிரித்துப் பார்க்கவில்லை, தலைப்போடு சரி. 'மார்பு நோய்கள்' போனது. பெண்பிள்ளைகளுக்கான உடல்நல நூல் போனது. 'பால் பெருக வழிகள்' என்று ஒரு மாடு வளர்ப்புப் புத்தகம், பாவம், அதுவும் போனது. எல்லாவற்றையும் இரும்பு பீரோவில் அடைத்து, 'வயது வந்தோருக்கு மட்டும்' என்று சிவப்பில் எழுதி ஒட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் நூலகர் என்று நான் ஒருத்தி எதற்கு, தூசி தட்டவா?

சனிக்கிழமை அவர் என் மேசைக்கு எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது லாரி ஓட்டுநரின் மகள் வந்தாள். அம்மா இல்லாத பெண். அப்பா வண்டியெடுத்தால் திரும்ப நாளாகும்.

"அக்கா, அந்த உடம்பு பத்தின புக்கு வேணும்."

"அத உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்கம்மா."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "போர்டு பாத்தேன்க்கா. நான் வயசுக்கு வந்துட்டேனாம், கூடப் படிக்கிறவ சொன்னா. இப்ப எடுக்கலாமில்ல?"

பேப்பருக்குப் பின்னால் தலைவர் களுக்கென்று சிரித்துவிட்டார். அவள் முகம் சுருங்கிப்போனது. பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள். இப்படியே வெளியே போனால் இனி யாரிடமும் எதையும் கேட்க மாட்டாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து என் நாற்காலியில் உட்காரவைத்தேன். பிறகு தலைவர் முன் கையை நீட்டினேன்.

"சாவி."

"அட, அது வேற அர்த்தம்மா. அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் புரியல."

"புரியலன்னுதான சார் வந்திருக்கா! பூட்டினது நீங்க. சிரிக்கிறதும் நீங்களா? எடுங்க சாவிய!"

நூலகமே திரும்பிப் பார்த்தது. சாவி வந்தது.

அவள் புத்தகத்தை மடியில் வைத்து, விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தாள். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. நிமிர்ந்தாள்.

"அப்ப நான் சாக மாட்டேனாக்கா?"

தலைவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். சாவியைத் திருப்பிக் கேட்காமலே வெளியே போனார். கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.