கழுத்தின் எந்தப் பக்கம்

மர்சூக் சுபஹ் தொழுதான். தேநீர் ஊற்றிக் குடித்தான். சவரம் செய்தான். சட்டையை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு, பலாபத்வலைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க ஏழு மணி பஸ் ஏறினான். இறந்த மனைவி ஆஸியாவுக்கு நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து ஆறு நாள்.

பக்கத்தில் புஹாரி நானா வந்து உட்கார்ந்தார்.

"மவுத்தாகிற நேரம் கலிமா சென்னாவாமே. ஒங்கட மாமி செல்லித்தான் தெரியும். பாக்கியசாலி, மாஸ்டர்."

"ஓம்" என்றான். மாமி காதில் ஓதியது உண்மை. ஆஸியாவின் உதடு அசைந்ததை அவன் காணவில்லை.

அவளுக்கு முதல் வலிப்பு கல்யாணமாகி ஏழாம் மாதம் வந்தது. ஜின் பிடித்திருக்கிறது என்று தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். வலிப்பு வரும்போதெல்லாம் இரும்புச் சாவியைக் கையில் திணித்தார்கள். எதையும் வலக்கையில்தானே கொடுப்பது. மர்சூக் அந்தக் கையைத்தான் விரித்துப் பிடிப்பான். சாவியோடு அது வெட்டி வெட்டி இழுக்கும். பட்டதாரி அவன், ஜின்னை நம்பவில்லை. கொழும்புக்குக் கூட்டிப் போனான்.

மூளையில் கட்டி இருக்கலாம் என்றார் டொக்டர். ஸ்கேன் வராத காலம். கழுத்து நாடியில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே பிடித்தால் மூளையின் இரத்தக் குழாய்கள் படத்தில் விழும். கட்டி இருந்தால் குழாய்கள் விலகி நிற்கும். ஆனால் ஆபத்தான ஊசி; ஒரு பக்கம்தான் பிடிப்பார்கள்.

"இழுப்பு முதல்ல எந்தக் கையில தொடங்குது? அதுக்கு எதிர்ப்பக்கம்தான் பார்க்கணும்."

ஆஸியா முக்காட்டை இழுத்துவிட்டு நிலத்தைப் பார்த்திருந்தாள். அந்நிய ஆண் கேட்டால் புருஷன்தான் பதில் சொல்வது.

"வலது கை, சேர்" என்றான் மர்சூக். யோசிக்கவேயில்லை.

கழுத்தின் இடப்பக்கம் ஊசி போட்டார்கள். படத்தில் ஒன்றுமில்லை. வலிப்புக்கு விழுங்கக் குளிசை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். திரும்பும் வழியில் தோடம்பழம் உரித்துக் கொடுத்தான். இருவரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

ஐந்து மாதத்தில் அவளுடைய இடக்கால் விளங்காமல் போயிற்று. மறுபடி கொழும்பு. இம்முறை ஒரு லேடி டொக்டர் அவனை வெளியே நிறுத்திவிட்டு அவளிடமே கேட்டார். இடது பெருவிரல்தான் எப்போதும் முதலில் துடிக்கும் என்றாளாம். வலப்பக்கம் பிடித்த படத்தில் குழாய்களெல்லாம் ஓரத்துக்குத் தள்ளுண்டு கிடந்தன.

"முந்தியே தெரிஞ்சிருந்தா ஒப்பரேஷன் செய்திருக்கலாம்" என்றார் லேடி டொக்டர்.

அன்று பின்னேரம் மர்சூக் கட்டிலோரம் குனிந்தான். "இடது கையெண்டு அண்டைக்கே ஏன் புள்ள செல்லல்ல?"

விடிவதற்குள் அவளுக்கு நினைவு போய்விட்டது, பிறகு திரும்பவில்லை. அவன் கேட்டதற்கு அவள் சொன்னதுதான் கடைசி.

"நீங்க செல்லிக்கிட்டு இருந்தீங்களே. இடையில நான் எப்பிடிப் பேசுற?"