தங்கராஜு ‘தேங்க் யூ’ சொன்ன வாரம்

என் கணவர் தங்கராஜுவின் வாயைப் பற்றித் தெரியாதவர்கள் எங்கள் ஜெலுத்தோங் வட்டாரத்தில் குறைவு. பினாங்குப் பாலத்தில் சிக்னல் போடாமல் குறுக்கே நுழைகிற ஒவ்வொரு மைவிக் காருக்கும் அவர் அர்ச்சனை செய்தாக வேண்டும். தமிழில் ஆரம்பித்து, மலாயில் வளர்த்து, ஹொக்கியன் சீனத்தில் முடிப்பார். என் சமையலுக்கும் அதே மரியாதைதான். கல்யாணமான நாளிலிருந்து நான் போடும் தேத்தண்ணியை நன்றாக இருக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஆனால் கோப்பையில் ஒரு சொட்டு மிச்சம் வைத்ததும் இல்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு நெற்றி எலும்புக்குப் பின்னால் ஒரு கட்டி. புற்று இல்லை, ஆனால் விட்டால் வளரும், எடுத்துவிடலாம் என்று நாள் குறித்தார்கள். அந்த இடத்தில்தான் மனிதனின் குணம் குடியிருக்கிறதாம். ஆப்பரேஷனுக்குப் பிறகு சுபாவம் கொஞ்சம் மாறினாலும் மாறலாம் என்று பெரிய டாக்டர் பக்குவமாகச் சொன்னார். சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னபோது ஒருத்தர் முகத்திலும் கவலை இல்லை. அவருடைய அக்கா நவமணி, முருகன் ஒரு வழியாகக் கண்ணைத் திறந்துவிட்டான் என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் மட்டும்தான், ஆளை இப்படியே திருப்பிக் கொடு என்று அதே முருகனிடம் வேண்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று மாலை, முதுகுப் பக்கம் திறந்துகிடக்கும் பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு, இதைத் தைத்தவன் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“நான் வேற ஆளா வந்தேன்னா, அவன வீட்டுல சேர்த்துக்காத. திருப்பி அனுப்பிடு, சரியா?”

வாயை மூடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்குள் போய் அழுதேன்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்தவரிடம், இப்போது எங்கே இருக்கிறீர்கள் தெரியுமா என்று தாதி கேட்டாள். ஜெயிலில், என்றார். தாதி பதறிப்போனாள். எனக்கோ உயிர் திரும்பி வந்தது. காதிலிருந்து உச்சி வரை தையலோடு, நர்ஸ், வார்டு, கஞ்சி என்று எல்லாவற்றையும் வைதுகொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

அவருக்குப் பின்னாலேயே, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சுங்கை பாக்காப்பிலிருந்து நவமணி அண்ணி இரண்டு பைகளோடு வந்து இறங்கினார். மண்டையைத் திறந்தால் உடம்பெல்லாம் சூடு ஏறிவிடும், உப்பு பச்சைப் புண்ணை அரித்துவிடும், ஆகவே பத்தியம் என்று தீர்ப்பு. உப்பு, புளி, காரம் மூன்றும் கூடாது. சூடு தணிய பார்லித் தண்ணியும் இளநீரும் ஜாடி ஜாடியாக உள்ளே போக வேண்டும். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லையே என்றேன். டாக்டருக்கு மூளை தெரியும், சூட்டைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார். நாத்தனாரோடு வாதம் செய்து ஜெயித்தவள் யார்?

முதலில் அவர் நன்றாகவே சண்டை போட்டார். இந்தக் கஞ்சிக்கு ஆஸ்பத்திரிச் சுவரை நக்கலாம் என்றார். பிறகு சண்டை குறைந்தது. தலை கனக்கிறது என்று பகலெல்லாம் படுத்துக் கிடந்தார். அந்த வாரக் கடைசியில் நான் தேத்தண்ணி கொண்டுபோய் நீட்டியபோது, “நல்லா இருக்கு சந்திரிகா, தேங்க் யூ,” என்றார். பாதியை அப்படியே வைத்துவிட்டார்.

நான் அந்த மிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணிக்கோ தலைகால் புரியவில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் தன் பத்தியத்தின் மகிமையைப் பாடினார். வந்தவர்களும், தங்கராஜுவா இது, தங்கமாக மாறிவிட்டாரே என்று மெச்சிவிட்டுப் போனார்கள். உனக்கு இனிமேல்தான் வாழ்க்கை என்று ஒருத்தி என் காதில் சொன்னாள். டாக்டர் எச்சரித்த அந்த மாற்றம் வந்துவிட்டதோ, என் புருஷனை அந்தக் கட்டியோடு சேர்த்து எடுத்துப் போட்டுவிட்டார்களோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தம்பி குணமானதற்கு என் வீட்டில் பூஜை வைக்கிறேன் என்று அண்ணி முன்னால் கிளம்பிப் போனார். நாங்கள் பின்னால் போனோம். மகள் சாந்தினி காரை ஓட்டினாள். நடுப்பாலத்தில் ஒரு வெள்ளை மைவி, சிக்னலும் இல்லை ஒன்றும் இல்லை, எங்கள் மூக்கை உரசிக்கொண்டு நுழைந்தது. சாந்தினி பிரேக்கை மிதித்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் கண்ணைப் பாதி மூடிக்கொண்டிருந்தார்.

“போவட்டும்மா. என்ன அவசரமோ, பாவம்.”

“சாந்தினி, காடியத் திருப்பு. ஆஸ்பத்திரிக்கு,” என்றேன்.

“பாலத்துல எப்படிம்மா திருப்புறது?”

மறுகரையில் பிறை வரைக்கும் போய்த் திரும்பி மறுபடியும் பாலம் ஏறினோம். நான் அத்தனை தூரமும் அந்த மைவிக்காரனை அவருக்குப் பதிலாகத் திட்டிக்கொண்டே வந்தேன். அப்போதாவது சேர்ந்துகொள்வார் என்று பார்த்தேன். தூங்கிவிட்டார்.

அவசரப் பிரிவில் லோகேஸ்வரி என்று ஒரு இளம் டாக்டர். பெயர், ஊர், வருஷம் எல்லாம் கேட்டாள். அவர் மெதுவாக, ஆனால் சரியாகச் சொன்னார். ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் ஒரு தேங்க் யூ. ஸ்கேனிலும் கோளாறு இல்லை. களைப்பாக இருக்கும் ஆன்ட்டி, வீட்டுக்குப் போகலாம் என்றாள்.

“டாக்டர், ஆப்பரேஷன் முடிஞ்சு போகும்போது இந்த ஆளு உங்க எல்லாரையும் திட்டிட்டுத்தான் போனாரு. இப்ப மரியாதையா பேசுறாரு. எங்கயோ கெட்டுப் போச்சு லா. கண்டுபிடிக்காம நான் நகர மாட்டேன்.”

அவள் சிரிக்கவில்லை. வீட்டில் என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று கேட்டாள். சொன்னேன். உடனே ரத்தம் எடுக்கச் சொன்னாள். ரத்தத்தில் உப்பு ரொம்பவும் இறங்கியிருந்தது. மூளை ஆப்பரேஷனுக்குப் பிறகு சில பேருக்குத் தானாகவே இறங்குமாம். நாங்கள் உப்பை நிறுத்தி, தண்ணியை ஊற்றி, இன்னும் கீழே தள்ளியிருக்கிறோம். இப்படியே விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும், அதற்கு மேலும் ஆகியிருக்கும் என்றாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். என் புருஷனையே அந்தக் குப்பைக்கு அனுப்பப் பார்த்தோம்.

பிரசாதத்தோடு ஓடிவந்த அண்ணியை நாலு கேள்வி கேட்க நாக்கு துடித்தது. விஷயம் தெரிந்ததும் அவர் வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தம்பிக்கு நல்லதுதானே நினைத்தேன் என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். கேள்விகளை விழுங்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

உப்பைச் சட்டென்று ஏற்றக்கூடாதாம். சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். குடிக்கிற தண்ணீரையும் அளந்து கொடுத்தார்கள். அவர் தூங்குவதும் விழிப்பதுமாக இருந்தார். ஒவ்வொரு விழிப்பிலும் ஒரு தேங்க் யூ வந்துவிடுமோ என்று நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு காலையில், கால் கோப்பை தேத்தண்ணி தரலாம் என்று அனுமதி கிடைத்தது. பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது.

“என்னடி இது? கோப்பை கழுவின தண்ணியா?”

கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். தாதி ஓடி வந்தாள். ஒன்றும் இல்லை, என் வீட்டுக்காரர் வந்துவிட்டார் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

மறுபடியும் எதற்கு இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறாய் என்று அவர் கேட்டார்.

“வேற ஒருத்தர் வந்திருந்தாருங்க. நீங்க சொன்ன மாதிரியே திருப்பி அனுப்பிட்டேன்.”

தலையணையை முதுகுக்கு இழுத்துவிட்டுக்கொண்டார்.

“ஆளு எப்படி?”

“ரொம்ப நல்லவரு. என் தேத்தண்ணி நல்லா இருக்குன்னாரு. தேங்க் யூ எல்லாம் சொன்னாரு.”

“பைத்தியக்காரி. அப்புறம் ஏண்டி அனுப்பின?”

“எனக்கு அவரத் தெரியாதுங்க.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, அந்தக் கழுவின தண்ணியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, கோப்பையை என்னிடம் நீட்டினார்.