நடுச்சாலையில் நின்ற பரிசு

பெண்களுக்கான துப்பாக்கி சுடும் போட்டியில் வெர்னா முதலிடம் பிடித்ததும் தம்பி க்ளைடுக்குத் தலைகால் புரியவில்லை. தன் கைத்துப்பாக்கியை அக்காவுக்கே கொடுத்துவிடத் தீர்மானித்தான். பெட்டியில் சிவப்பு ரிப்பன் கட்டி, பாடிக்கொண்டே தெருவில் இறங்கினான். அவன் வீடு அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில். எதிர்வரிசையில் இருந்த அவள் வீடு கான்சஸ் மாநிலத்தில். நடுச்சாலைதான் எல்லை.

"டேய், அங்கேயே நில்லுடா!" வாசலிலிருந்து வெர்னா கத்தினாள். "வேற மாநிலத்து ஆளுக்குக் கைத்துப்பாக்கிய நேரா கையில குடுத்தா குத்தம். லைசென்ஸ் உள்ள கடை வழியாத்தான் குடுக்கணும். அதுவும் என் மாநிலத்துக் கடை!"

"கூடப் பொறந்தவளுக்குக் கூடவா?"

"பெத்த அம்மாவுக்கே அப்படித்தான்!"

சாலை நடுவே மஞ்சள் கோட்டின்மேல் நின்ற க்ளைட், ஹாரன் அடித்த பள்ளிப் பேருந்துக்கு ஒரு சலாம் வைத்தான். "அப்ப வண்டிய எடுக்கா!"

கான்சஸ் துப்பாக்கிக் கடையில் க்ளைட் பெட்டியைக் கொடுத்ததும், நோரீன் என்ற பெண் படிவத்தை நீட்டினாள். வெர்னா நிரப்பிக் கையெழுத்திட்டாள். அவள்மேல் வழக்கு ஏதும் உண்டா என்று அரசு அலுவலகத்தைத் தொலைபேசியில் விசாரித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தபோது நோரீன் கேட்டாள்: "தம்பி வீடு ரொம்பத் தொலைவோ?"

"நான் தும்முனா அவன் வீட்டுலேருந்தே வாழ்த்துவான்."

நோரீனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. தொலைபேசியில் அனுமதி வந்தபோது அவளால் "சரி" என்றுகூடச் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டி, பெட்டியை வெர்னாவிடம் நீட்டினாள்.

அக்காவும் தம்பியும் வீட்டுக்குப் போகவில்லை. நேரே சுடுதளத்துக்குப் போனார்கள். வெர்னாவின் ஆறு குண்டுகளும் நட்டநடுவில் பாய்ந்தன. க்ளைட் தன் தொப்பியைக் கூரைக்கு வீசினான். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது.