கடைசியாகப் போட்டது

"கடைசியா வலி மாத்திரை எப்பம்மா போட்டீங்க?" என்று மருமகளிடம் கேட்டார் டாக்டர். அது உடம்பில் இருக்கும்போதே அந்த மாத்திரைப் பழக்கத்தை நிறுத்தும் மருந்தைக் கொடுத்தால் நடுக்கமும் வாந்தியும் ஆளைப் புரட்டிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார்.

"நாலு நாளா தொடலையே. நான்தான் கூடவே இருக்கேன்," என்றாள் மாமியார் பெருமையாக, ஆபரேஷன் செய்த காலை நீட்டியபடி.

மருமகள் தரையைப் பார்த்தாள். "இன்னைக்குக் காலைல போட்டேன். அத்தையோட மாத்திரைதான். டப்பால சத்து மாத்திரையை மாத்தி வச்சிட்டேன்."

மாமியார் முழங்காலைத் தடவினாள். "அதான் இப்படி வலிச்சுதா? வயசாயிடுச்சு, எனக்குத்தான் பொறுக்கத் தெரியலைன்னு நெனச்சேன்."

இனி வலி மாத்திரை எதையும் போடாமல் நாளைக் காலை மருமகளை வரச் சொன்னார் டாக்டர். எழுந்திருக்க மாமியார் வழக்கம்போல் கையை நீட்டினாள். அந்தக் கையைத் தொட மருமகளுக்குக் கூசியது. தொடாமல் அவளை எழுப்பவும் முடியாது.